ரெண்டு சீட்டு, ஒரே மருந்து: வலி மாத்திரையில் நாம் சறுக்கும் இடங்கள்

காலை அஞ்சே முக்கால் மணி. ஓசூர் சிப்காட் பக்கம் கம்பெனி பஸ்கள் வரிசையா நிக்கிற நேரம். டீக்கடைக்கு அடுத்தபடியா ஷட்டர் தூக்குறது மெடிக்கல் ஷாப்தான்.

"அண்ணா, இடுப்பு வலிக்கு ஒரு மாத்திரை குடுங்க."

"எத்தன வேளைக்கு தம்பி?"

"ரெண்டு வேளைக்கு. அப்படியே ஒரு கேஸ் மாத்திரையும்."

கத்தரிக்கோல் ஓடுகிறது. ஸ்ட்ரிப்பிலிருந்து ரெண்டு மாத்திரை தனியா வருகிறது. ஸ்கேன் பண்ணியதும் கடை ஸ்பீக்கர் தொகையைக் கத்துகிறது. தம்பி ஓடிப் போய் பஸ் ஏறிவிடுகிறார். மொத்தமே முப்பது விநாடி. வேற ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களா, அல்சர் இருக்கா, பிபி இருக்கா என்று கேட்க அந்தக் கடைக்காரருக்கும் நேரமில்லை, சொல்ல அந்தத் தம்பிக்கும் நேரமில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. போன வருஷம் நானே இதில் மாட்டியவள். செய்திக்காக ஓசூருக்கும் பெங்களூருக்கும் ஸ்கூட்டியில் அலைந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. இந்தப் பக்கம் ஒரு கிளினிக்கில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ரெண்டு நாளில் குறையவில்லை. வேலையாக அத்திப்பள்ளி தாண்டிப் போன இடத்தில் இன்னொரு கிளினிக்கில் நுழைந்தேன். அவர்கள் வேற பேரில், வேற கலரில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். முதல் சீட்டு வீட்டில் இருந்தது. நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. 'ரெண்டும் போட்டா சீக்கிரம் சரியாகும்' என்று ரெண்டையும் போட்டேன். நாலாவது நாள் மேல்வயிறு எரிய ஆரம்பித்தது. ஆறாவது நாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. எண்டோஸ்கோபியில் இரைப்பையில் ரெண்டு சின்னப் புண். பார்த்த மருத்துவர் ரெண்டு சீட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒன்றில் அசிக்ளோஃபினாக், இன்னொன்றில் டைக்ளோஃபினாக். "அக்கா தங்கச்சி மாதிரிம்மா இது ரெண்டும். நீங்க டபுள் டோஸ் போட்டிருக்கீங்க" என்றார்.

அந்த அக்கா தங்கச்சி குடும்பத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வலி மாத்திரை உள்ளே போய் என்ன பண்ணுது?

உடம்பில் அடிபட்டாலோ தசை பிடித்தாலோ அந்த இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனங்கள் சுரக்கும. வீக்கம், சூடு, வலி மூன்றுக்கும் இதுதான் முக்கியக் காரணம். அதைத் தயாரிக்கும் என்சைமைத் தடுத்து நிறுத்துவதுதான் வலி மாத்திரையின் வேலை. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971-ல் கண்டுபிடித்துச் சொன்னவர் ஜான் வேன். 1982-ல் அவருக்கும் இன்னும் இரண்டு விஞ்ஞானிகளுக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது.

சிக்கல் என்னவென்றால், புரோஸ்டாகிளாண்டின் வில்லன் மட்டுமல்ல. இரைப்பையின் உள்சுவரை அமிலத்திடமிருந்து காப்பாற்றுவதும் அதுதான். சிறுநீரகத்துக்கு ரத்தம் சரியாகப் போகப் பார்த்துக்கொள்வதும் அதுதான். மாத்திரைக்கு 'இடுப்பில் மட்டும் தடு, வயிற்றில் விட்டுவிடு' என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால்தான் இடுப்புக்குப் போட்ட மாத்திரை வயிற்றில் புண்ணாக வந்து நிற்கிறது.

பேரைப் பார்க்காதீங்க, அதுக்குக் கீழே பாருங்க

ஓசூரில் 'வலி மாத்திரை', கிருஷ்ணகிரி கிராமப் பக்கம் 'நோவு மாத்திரை', பார்டர் தாண்டினால் 'நோவின மாத்ரெ', தெலுங்கு பேசும் வீட்டில் 'நொப்பி மாத்திரை'. கேட்கும் மொழி மாறலாம். கையில் வருவது பெரும்பாலும் ஒரே ஏழெட்டு மருந்துகளில் ஒன்றுதான்.

ஸ்ட்ரிப்பில் பெருசா இருப்பது கம்பெனி வைத்த பேர். அதற்குப் பக்கத்திலோ பின்பக்கத்திலோ சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் உண்மையான பேர். வோவெரான் என்றால் டைக்ளோஃபினாக். ஜீரோடால், ஹைஃபெனாக் என்றால் அசிக்ளோஃபினாக். புரூஃபெனும் காம்பிஃப்ளாமும் ஐப்யூபுரோஃபென். மெஃப்டால் என்றால் மெஃபனமிக் ஆசிட். நுகாக்ஸியா என்றால் எட்டோரிகாக்ஸிப். நைஸ் என்றால் நிமிசுலைடு. இவை எல்லாமே ஒரே குடும்பம். ஒரு சமயத்தில் இதில் ஒன்றுதான் உள்ளே போக வேண்டும். ரெண்டு போட்டால் வலி ரெண்டு மடங்கு குறையாது, பக்கவிளைவு மட்டும்தான் கூடும். அதிலும் அசிக்ளோஃபினாக் உடம்புக்குள் போனதும் அதில் ஒரு பகுதி டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது. நான் போட்ட ரெண்டு மாத்திரையின் கதை அதுதான்.

பேருக்குப் பின்னால் வால் மாதிரி ஒட்டியிருக்கும் எழுத்துகளையும் படிக்கணும். 'பி' என்று இருந்தால் பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கிறது, பெரும்பாலும் 325 மி.கி. இதை மறந்துவிட்டுத்தான் பலர் கூடவே டோலோ 650-யும் போடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்க. 'பி' மாத்திரை ரெண்டு வேளைக்கு 650 மி.கி., டோலோ 650 நாலு வேளைக்கு 2,600, சளிக்குப் போட்ட மாத்திரையில் மூணு வேளைக்கு 1,500. மொத்தம் 4,750 மி.கி. ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4,000. அதைத் தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து. தினமும் குடிப்பவர்களுக்கும் எடை ரொம்பக் குறைவானவர்களுக்கும் அந்த வரம்பு இன்னும் குறைவு.

'எஸ்.பி' என்று இருந்தால் செராஷியோபெப்டிடேஸ் என்ற என்சைம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். வீக்கத்தைக் குறைக்கும் என்று சொல்லி விற்கப்படுவது. இதே என்சைமை ஜப்பானில் விற்ற டகேடா நிறுவனம், பலன் நிரூபணமாகவில்லை என்று 2011-ல் தானே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. நம்ம ஊரில் இன்னும் அமோகமாக ஓடுகிறது. 'எனக்கு எஸ்.பி அவசியமா டாக்டர்?' என்று கேட்பதில் தப்பே இல்லை.

'எஸ்.ஆர்' என்றால் மருந்து மெதுவாக வெளியேறுகிற மாதிரி செய்த மாத்திரை. அதை உடைக்கவோ, கடிக்கவோ, பொடி பண்ணவோ கூடாது. உடைத்தால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வர வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

சரி, எவ்வளவு போடலாம்? பொதுவாக அசிக்ளோஃபினாக் 100 மி.கி. காலை ஒன்று, இரவு ஒன்று. அதற்கு மேல் இல்லை. டைக்ளோஃபினாக் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 150 மி.கி. தாண்டக் கூடாது. உங்களுக்கு இதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் அதுதான் உங்கள் அளவு. வலி குறைந்துவிட்டால் கோர்ஸ் முடிக்கணும் என்று மிச்சத்தைப் போட வேண்டியதில்லை, அந்த விதி ஆன்டிபயாடிக்குக்குத்தான். ஒரு வாரம், பத்து நாள் ஆகியும் மாத்திரை இல்லாமல் இருக்க முடியவில்லை என்றால் மாத்திரையை மாற்றிப் பிரயோஜனமில்லை. வலி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இடுப்பு வலியோடு கால் பலவீனமாவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது என்று இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

இந்த மாத்திரைகளில் பெரும்பாலானவற்றின் அட்டையில் ஆர்எக்ஸ் குறியீடும் ஓரமாக ஒரு சிவப்புக் கோடும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அர்த்தம். சட்டம் அப்படி, பஸ் ஸ்டாண்டு கடை இப்படி.

கேஸ் மாத்திரை ஒரு கவசம் இல்லை

வலி மாத்திரையோடு பான்டோபிரசோல் மாதிரி ஒன்றை மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பது நியாயமானதுதான். அது அமிலத்தைக் குறைத்து, புண் வரும் வாய்ப்பைக் குறைக்கும். ஆனால், அதைக் காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடணும், வலி மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு போடணும். நாம் ரெண்டையும் ஒரே மடக்கில் முழுங்கிவிட்டு பஸ் ஏறுகிறோம். நைட் ஷிஃப்ட்டில் இருப்பவர்களுக்கு 'காலை', 'இரவு' என்பதே குழப்பம்தான். 'சாப்பாட்டுக்கு முன், பின்' என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டீயும் பன்னும் சாப்பாட்டுக் கணக்கில் வருமா என்று கேட்டால், வெறும் வயிற்றுக்கு அது தேவலை, அவ்வளவுதான்.

அதோடு, கேஸ் மாத்திரை காப்பது இரைப்பையையும் அதை ஒட்டிய சிறுகுடலையும் மட்டும். சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் அது எதுவும் செய்யாது.

புண் வந்தால் கண்டிப்பாக வலிக்கும் என்றும் நம்ப வேண்டாம். வலி மாத்திரைதான் உள்ளே இருக்கிறதே, அந்த வலியையும் அதுவே மறைத்துவிடும். சிலருக்கு முதல் அறிகுறியே தார் மாதிரி கறுப்பு மலமும், காபித்தூள் கலந்த மாதிரி வாந்தியும்தான். அப்படி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். தலைசுற்றல், மயக்கமும் சேர்ந்தால் 108. ஒரு குறிப்பு: இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மலம் கறுப்பாகப் போகும், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வார சம்பளம் வாங்கிய அன்றைக்கு உடம்பு வலிக்கு மாத்திரையும் போட்டு, டாஸ்மாக்குக்கும் போவது ரொம்ப மோசமான ஜோடி. ரெண்டுமே இரைப்பைச் சுவரை அரிக்கும்.

தண்ணி குடிக்காத உடம்பும் வலி மாத்திரையும்

இதுதான் நம்ம பகுதிக்கு ரொம்ப முக்கியம்.

ஓசூர் என்றால் குளுகுளு ஊர் என்று பேர். அந்த குளிர் ஃபவுண்டரிக்குள்ளேயும், ஃபோர்ஜிங் ஷாப்பிலும், பாலித்தீன் கூரை போட்ட ரோஜா பசுமைக்குடிலிலும் இருக்காது. கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரியில் ஏப்ரல் வெயில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எட்டு மணி நேரம் வியர்க்கிறது. லைனை விட்டு நகர முடியாது, கழிப்பறை தூரம் என்று தண்ணி குடிப்பதையே குறைத்துக்கொள்பவர்கள் நிறைய, முக்கியமாகப் பெண்கள்.

இப்போது மருந்துக்கு வருவோம். சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் குட்டிக் குழாயை விரித்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின். உடம்பில் தண்ணீர் குறையும்போதுதான் இந்த ஏற்பாடு ரொம்பத் தேவைப்படும். அந்த நேரம் பார்த்து வலி மாத்திரை போட்டால் அந்தக் குழாய் சுருங்கும். ரத்த ஓட்டம் குறையும். ஒரு நாள் ரெண்டு நாள் என்றால் ஆரோக்கியமான சிறுநீரகம் சமாளித்துவிடும். வெயில், வியர்வை, தினமும் மாத்திரை என்று மாதக்கணக்கில் போனால் சேதம் நிரந்தரமாகலாம்.

பிபி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் ஒரு படி ஆபத்து. எனலாபிரில், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் மாதிரி மருந்துகள் வடிகட்டியிலிருந்து ரத்தம் வெளியே போகும் குழாயைத் தளர்த்தும். உள்ளே வரும் குழாய் வலி மாத்திரையால் சுருங்கி, வெளியே போகும் குழாய் பிபி மாத்திரையால் விரிந்தால், நடுவில் வடிகட்டுவதற்கான அழுத்தமே இருக்காது. இதோடு சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரையும் சேர்ந்தால் மும்முனைத் தாக்குதல். பிபி மாத்திரையின் பேருக்குப் பின்னால் 'ஹெச்' என்று இருந்தால் பெரும்பாலும் அந்தச் சிறுநீர் மாத்திரையும் உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம்.

கால், முகம் வீங்குவது, சிறுநீர் குறைவது, நுரை நுரையாகப் போவது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். ஆனால் சிறுநீரகம் பாதி கெடும் வரைகூட அறிகுறி இல்லாமல் இருக்கும். மாதத்தில் பத்து நாளுக்கு மேல் வலி மாத்திரை போடுகிற ஆள் நீங்கள் என்றால், ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் அல்புமின் இந்த ரெண்டு டெஸ்ட்டையும் எடுத்துவிடுங்கள். ஓசூர் அரசு மருத்துவமனையிலும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரியிலும் கேட்கலாம்.

இந்த இடத்தில் ஒரு கழுகுக் கதை சொல்லாமல் போக மனசு வரலை. ஓசூரிலிருந்து கிளம்பினால் பெங்களூரைத் தாண்டி ராமநகரா. 'ஷோலே' படம் எடுத்த அதே பாறைகள். அங்கே ராமதேவர பெட்டாவில் பாறு கழுகுகளுக்கு ஒரு சரணாலயம் இருக்கிறது. இந்தியா முழுக்கக் கோடிக்கணக்கில் இருந்த பாறு கழுகுகள் தொண்ணூறுகளில் கொத்துக் கொத்தாகச் செத்தன. காரணம் 2004-ல் தெரிந்தது. மாடுகளுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி. செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்துபோனது. 2006-ல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் தடை வந்தது. மனிதர்களுக்கான பெரிய பாட்டில் ஊசி மருந்தை மாட்டுக்குப் போட ஆரம்பித்ததால், 2015-ல் மனித ஊசியையே 3 மி.லி. அளவுக்குள் விற்க வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. கழுகு அளவுக்கு நாம் இந்த மருந்துக்கு பலவீனமானவர்கள் இல்லை, அது வேற உயிரினம். ஆனால், சிறுநீரகத்தோடு இந்த மருந்துக்கு என்ன உறவு என்பதற்கு அந்தப் பாறைகளே சாட்சி.

இதயத்துக்கும் கணக்கு உண்டு

வயிற்றைக் கெடுக்காத வலி மாத்திரை என்று 1999-ல் அமெரிக்காவில் வந்தது வயாக்ஸ். உள்ளே இருந்தது ரோஃபிகாக்ஸிப். மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்று தெரிந்து 2004 செப்டம்பர் 30-ல் கம்பெனியே உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. அதே டிசம்பரில் இந்தியாவும் தடை செய்தது. அதன் பிறகு இந்தக் குடும்பத்தின் மற்ற மருந்துகளையும் சலித்துப் பார்த்தார்கள். இதய நோய் இருப்பவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் டைக்ளோஃபினாக் போடக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-ல் சொன்னது. எட்டோரிகாக்ஸிப்பை, பிபி 140/90-க்கு மேலேயே கட்டுப்படாமல் இருப்பவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்பது அங்கே விதி. 120 மி.கி. எட்டோரிகாக்ஸிப் என்பது கடுமையான கவுட் வலிக்கு, அதுவும் அதிகபட்சம் எட்டு நாள். அதை முட்டிவலிக்கு மாதக்கணக்கில் போடும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்டென்ட் வைத்துவிட்டு எகோஸ்பிரின் சாப்பிடும் அப்பா, மாமா யாராவது வீட்டில் இருந்தால், அவர்களுக்கு நீங்களாகக் கடையில் காம்பிஃப்ளாம் வாங்கிக் கொடுக்காதீங்க. அதில் இருக்கும் ஐப்யூபுரோஃபென், ஆஸ்பிரின் செய்யும் வேலையையே கெடுக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, மன அழுத்தத்துக்கு மாத்திரை, லித்தியம், மீத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுபவர்களும் கேட்காமல் போடக் கூடாது. ஆஸ்பிரினோ வேறு வலி மாத்திரையோ போட்டு ஒரு தடவையாவது மூச்சு இளைத்திருந்தால், அதைச் சீட்டின் மேலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

ஹாஸ்டல் ரூம் டப்பா

எலெக்ட்ரானிக்ஸ் லைனில் நிற்கும் பெண்கள் தங்கும் ஹாஸ்டல்களில் ஒரு பொது டப்பா இருக்கும். பீரியட்ஸ் வலிக்கு மெஃப்டால் ஸ்பாஸ். யாராவது ஒருத்தி வாங்கி வைப்பாள், எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். மாதவிடாய் வலிக்கு மெஃபனமிக் ஆசிட் நல்ல மருந்துதான், ரெண்டு மூணு நாளைக்கு, சாப்பிட்ட பிறகு. ஆனால் 2023 நவம்பர் 30 அன்று இந்திய மருந்தியல் ஆணையம் இதைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அபூர்வமாகச் சிலருக்கு 'ட்ரெஸ்' என்ற கடுமையான ஒவ்வாமை வரலாம். மாத்திரை போட்டு ரெண்டு முதல் எட்டு வாரத்துக்குள் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, கழுத்தில் நெறி கட்டுவது, உள்ளுறுப்புகளில் பாதிப்பு. இதில் சங்கடம் என்னவென்றால், அப்போது யாருக்கும் போன மாதம் போட்ட மாத்திரை ஞாபகத்தில் இருக்காது. தடிப்போடு காய்ச்சல் வந்தால், 'ஒரு மாசத்துக்கு முன்னாடி இதைப் போட்டேன்' என்று நீங்கதான் சொல்லணும்.

கர்ப்பமாக இருந்தால் இந்தக் குடும்பமே வேண்டாம். 20 வாரத்துக்குப் பிறகு வயிற்றிலிருக்கும் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்து, பனிக்குட நீர் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் எச்சரித்தது. கர்ப்பமா என்று சந்தேகமாக இருக்கும் மாதத்திலும் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடுவது நல்லது.

காய்ச்சலுக்கும் டப்பாவில் கை வைக்காதீங்க. மழைக்காலத்தில் அது டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் இந்த மாத்திரைகள் ரத்தக்கசிவை அதிகமாக்கும். பாராசிட்டமால் மட்டும். 12 வயசுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளுக்கு நிமிசுலைடு 2011-லிருந்து தடை, அதனால் உங்க ஸ்ட்ரிப்பிலிருந்து பாதி உடைத்து அண்ணன் பையனுக்குக் கொடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

கலர் கலரா ஒரு 'செட்'

அட்டை இல்லாமல், காகிதக் கவரில் மடித்துத் தரும் நாலைந்து உதிரி மாத்திரைகள். ஒரு வேளை போட்டால் மந்திரம் போட்ட மாதிரி வலி போய்விடும். அந்த மந்திரத்துக்குப் பேர் பல நேரம் ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன் அல்லது பிரெட்னிசோலோன். ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேர்ந்தால் இரைப்பைப் புண் வரும் அபாயம் பல மடங்கு. சர்க்கரை எகிறும். என்ன சாப்பிட்டோம் என்று பிறகு எந்த மருத்துவராலும் கண்டுபிடிக்க முடியாது. பேர் இல்லாத மாத்திரையை வாங்காதீங்க.

தசை தளர்த்தும் மருந்து கலந்த வலி மாத்திரைகளும் உண்டு. குளோர்சோக்ஸசோன் என்று அட்டையில் இருக்கும். தூக்கம் வரும். பவர் பிரஸ்ஸில் கை வைக்கும் ஷிஃப்ட்டுக்கு முன்னாடியும், நைட் முடிந்து பைக்கில் தேசிய நெடுஞ்சாலை ஏறும் முன்னாடியும் அதைப் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எழுதித் தரும்போதே 'நான் மெஷின் ஓட்டுறேன்' என்று சொல்லிவிடுங்கள்.

செய்தித்தாளில் அடிக்கடி வருமே, 'வலி நிவாரணி மாத்திரைகளைப் போதைக்காக விற்ற இளைஞர்கள் கைது' என்று. அது பெரும்பாலும் டேபென்டடால், ஓபியாய்டு வகை. இந்தக் கட்டுரையில் இருக்கும் மருந்துகள் வேற.

ஊசி கேட்டு வாங்குவதும் ஒரு பழக்கமாகிவிட்டது. டைக்ளோஃபினாக் ஊசி வயிற்றைத் தொடாது என்று நினைக்கிறோம். ரத்தம் வழியாக அது அதே வேலையைத்தான் செய்கிறது, வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும். அபூர்வமாக ஊசி போட்ட இடத்தில் தசை அழுகிப்போவதும் உண்டு. சுளுக்கு, முட்டி வலிக்கு டைக்ளோஃபினாக் ஜெல்லை முதலில் முயலலாம். மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவு மருந்துதான் ரத்தத்தில் சேரும்.

லீவு கிடைக்காத வலி

இவ்வளவும் எழுதிவிட்டு 'ஓய்வெடுங்கள்' என்று முடித்தால் அது அநியாயம். மாத்திரை போட்டு ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் விவரம் தெரியாமல் போகவில்லை. ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு, ரெண்டு தடவை லீவு போட்டால் கான்ட்ராக்டர் அடுத்த மாதம் கூப்பிட மாட்டார். அதனால்தான் அந்த முப்பது விநாடி வியாபாரம்.

ஆனால், நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்று 0.75 சதவிகிதம் பிடிக்கிறார்கள் என்றால், கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தாலும் உங்களுக்கு உடல்நலக் குறைவுக்கால உதவித்தொகை உண்டு. மருத்துவச் சான்றிதழோடு ஓய்வில் இருக்கும் நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 70 சதவிகிதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. ஆறு மாத சந்தா காலத்தில் 78 நாளாவது உங்கள் பேரில் சந்தா கட்டியிருக்க வேண்டும். முதல் ரெண்டு நாள் காத்திருப்புக் கணக்கில் போகும் என்பதால் ஒரு நாள் லீவுக்கு இது உதவாது. ஒரு வாரம் படுக்க வேண்டிய இடுப்பு வலிக்கு உதவும். வேலை இடத்தில் அடிபட்டதால் வந்த வலி என்றால் கணக்கே வேற: முதல் நாளிலிருந்தே 90 சதவிகிதம், அதற்கு 78 நாள் நிபந்தனையும் கிடையாது. ஆனால் விபத்து நடந்ததைப் பதிவு செய்ய வைக்கணும். 'மாத்திரை போட்டுட்டு வேலையைப் பாரு' என்று சொல்லி அனுப்பினால் அந்தப் பதிவு நடக்காது. சந்தா சரியாகப் போகிறதா என்று உங்கள் இ.எஸ்.ஐ. எண்ணை வைத்து போனிலேயே பார்க்கலாம்.

ஓசூரிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. கூட்டம் இருக்கும், காத்திருக்கணும், ஒரு அரை நாள் போகும். எனக்கும் தெரியும். ஆனாலும் அங்கே எழுதும் சீட்டுதான் லீவுக்கும் சாட்சி.

ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்து பக்கத்து மெஷினில் நிற்கும் தோழர்களுக்கு இந்த விவரமும் தெரியாது, ஸ்ட்ரிப்பில் இருப்பதைப் படித்துச் சொல்லவும் ஆள் இல்லை. தெரிந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லுங்க.

போனில் ஒரு ஆல்பம்

என் எண்டோஸ்கோபிக்குப் பிறகு நான் செய்த ஒரே உருப்படியான காரியம், போனில் 'மாத்திரை' என்று ஓர் ஆல்பம் போட்டதுதான். வாங்கும்போதே கத்தரிக்கோல் படும் முன்னாடி முழு ஸ்ட்ரிப்பையும் ரெண்டு பக்கமும் போட்டோ. மருந்தின் பேர், காலாவதி தேதி, பேட்ச் எண் மூன்றும் தெரியும்படி. எந்த கிளினிக் போனாலும், பார்டருக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, உட்கார்ந்ததும் அதைத் திறந்து காட்டிவிடுகிறேன். ஏதாவது மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போனால் மருந்தியல் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நாமே புகார் பதிவு செய்யலாம். பேட்ச் எண் கையில் இருந்தால் அந்தப் பதிவுக்கு உயிர் வரும்.

வீட்டு ஆட்களுடைய மாத்திரைகளையும் அந்த ஆல்பத்தில் சேர்த்தேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று நம்ம சூளகிரி பக்கத்து சாமனப்பள்ளியில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. அதன் பிறகு கிராமத்தில் பல வீடுகளுக்கு பிபி, சுகர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. வலி மாத்திரை மட்டும் தனியாகக் கடையிலிருந்து வருகிறது. ரெண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கிற ஆள் வீட்டில் யாரும் இல்லை.

கடைசியாக நான் போட்டோ எடுத்தது எங்க அப்பாவுடைய ஸ்ட்ரிப். தனியார் மருத்துவர் எழுதிய பிபி மாத்திரை. பேருக்குப் பின்னால் ஒரு 'ஹெச்' இருந்தது. பக்கத்திலேயே, முட்டி வலிக்கு அவர் நாலு மாசமாகக் கடையில் வாங்கிப் போடும் அசிக்ளோஃபினாக். அன்றைக்கே மருத்துவருக்கு அனுப்பினேன். வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லி, கிரியாட்டினின் எடுக்கச் சொன்னார். 1.4 வந்தது. மூணு வாரம் கழித்து மறுபடி எடுத்தபோது 1.1. இப்போது முட்டிக்கு ஜெல், முடியாத நாளில் பாராசிட்டமால். "முன்ன மாதிரி கேக்க மாட்டேங்குதும்மா" என்று இன்னமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.